மொட்டை மாடி அறையில் ஒரு கரகர பங்க் ஆல்பம்: தர்மபுரியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தர்மபுரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் முதன்முதலாக மைக்கைத் திறந்தபோது காதில் விழுந்தது என் குரல் அல்ல. 'ம்ம்ம்' என்று விடாத ஒரு முனகல். ஃபேன், டியூப் லைட்டின் பழைய சோக், கீழே ஓடும் போர் மோட்டார், லேப்டாப் சார்ஜர் எல்லாம் சேர்ந்து போடும் ஹம் அது. மூன்று வாரம் அதை விரட்டிப் பார்த்தேன். ஒயரை மாற்றினேன், ஃபேனை நிறுத்தி வியர்வையில் நனைந்தேன், ராத்திரி இரண்டு மணிக்குப் பதிந்தேன். போகவில்லை. கடைசியில் ஒரு நாள், சரி, இது எந்தக் கட்டையில் (சுருதியில்) முனகுகிறது என்று கீபோர்டில் தேடினேன். ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவில் நின்றது.

காரணம் எளிது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஆடுகிறது. ஐந்து கட்டையின் கீழ் ஸ்தாயி நொடிக்கு 49 அதிர்வு. இரண்டுக்கும் இடையில் சுமார் 35 சென்ட் வித்தியாசம் (அரைக் கட்டைக்கு 100 சென்ட்). கீபோர்டிலும் கிட்டாரிலும் சுருதியை 35 சென்ட் ஏற்றிவிட்டால் முனகல் நம் தம்புரா ஆகிவிடும். அன்று இரவே முதல் பாட்டு பதிவானது.

லோ-ஃபை, அதாவது மெருகில்லாமல் பதிந்த பங்க் என்றால் எனக்கு இதுதான். சுத்தமாகப் பதிந்துவிட்டு அப்புறம் ஒரு செயலியில் கரகரப்பைப் பூசுவது அல்ல. மற்றவர்கள் 'சத்தம்' என்று துடைத்துப்போடுவதையே சரக்காக எடுத்துப் பாட்டுக் கட்டுவது. கையில் காசு குறைவு, ஸ்டூடியோ இல்லை, ஆனால் சொல்ல ஒன்று இருக்கிறது என்பவர்களுக்காக, ஒரு ஆல்பத்தை ஆரம்பத்திலிருந்து கேசட்டாகக் கையில் பிடிக்கும்வரை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

கொஞ்சம் முன்கதை

பங்க் என்னும் ராக் இசை வகை 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பியது. மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), இரண்டு நிமிடம், வேகம், கத்தல். கிட்டார் இல்லாமல் பங்க் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். 1977-லேயே நியூயார்க்கைச் சேர்ந்த சூசைட் என்ற இரட்டையர் குழு, மலிவான கீபோர்டு, ஒரு ரிதம் பெட்டி, ஒரு குரல் இவ்வளவை மட்டும் வைத்து முழு ஆல்பம் போட்டுவிட்டது. 1979-ல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களை (டிராக்) தனித்தனியாகப் பதியும் கருவியை விற்க ஆரம்பித்ததும், பதிவு வேலை ஸ்டூடியோவை விட்டுப் படுக்கையறைக்கு வந்தது. நம் நாட்டிலும் மும்பையின் சரண்ஜித் சிங் 1982-ல் ரோலண்ட் ரிதம் பெட்டியிலும் சிந்தசைசரிலும் ராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு பதிந்தார். பங்க் அல்ல அது. ஆனாலும் இந்த ஊர்க் காதுக்கு மின்சத்தம் அந்நியம் என்று யாராவது சொன்னால் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

முதல் வேலை: வேலி போடுவது

கருவி வாங்கும் முன் ஒரு தாளில் எல்லை எழுதுங்கள். என் தாளில் இருந்தது இது: எட்டுப் பாட்டு. ஒன்றுக்கு அதிகபட்சம் இரண்டரை நிமிடம். ஒவ்வொரு பாட்டிலும் நான்கு தடம்தான்: தாளம், மின்சத்தம், ஊர்ச் சத்தம், குரல். ஒரு தடத்துக்கு மூன்று முறைக்கு மேல் முயற்சி இல்லை.

எட்டு இரண்டரை இருபது நிமிடம். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி நேரம், அதில் தாராளமாக அடங்கும். கணினியில் நூறு தடம் போடலாம் என்பதுதான் நம் பெரிய எதிரி. எல்லை இல்லாதபோது நாம் பாட்டை முடிப்பதில்லை, மெருகு ஏற்றிக்கொண்டே இருப்போம். நான்கே தடம் என்றால் ஒவ்வொன்றும் கனமாக இருந்தாக வேண்டும். இந்தத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

சாமான்

வீட்டில் இருக்கும் லேப்டாப் எவ்வளவு பழையதானாலும் போதும். ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, தாளம் கட்ட ஹைட்ரஜன், கீபோர்டு மாதிரி வாசிக்க எல்.எம்.எம்.எஸ். மூன்றும் இலவசம். ஒரு செல்போன். ஓடுகிற நிலையில், பதியும் வசதியுள்ள ஒரு டேப் ரிக்கார்டர். இது எங்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வளைகுடாவுக்குப் போய்வந்தவர் இருக்கும் வீட்டுப் பரணில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒரு ஹெட்ஃபோன். பிறகு கீழே சொல்லப்போகும் சத்தப் பெட்டிக்கான பொடிச் சாமான்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரேடியோ ரிப்பேர் கடைகளிலேயே பாதி கிடைக்கும். மீதிக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு. கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

சத்தப் பெட்டி செய்வது

இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 555 என்று ஒரு ஐ.சி. (சின்ன மின்னணுச் சில்லு) இருக்கிறது. ஹான்ஸ் கமென்சிண்ட் என்பவர் 1971-ல் வடிவமைத்து அடுத்த ஆண்டே சந்தைக்கு வந்தது. இன்றைக்கும் டீ விலைக்குக் கிடைக்கிறது. எட்டுக் கால்கள். நேரத்தை அளப்பதற்காகச் செய்தது, ஆனால் வேகமாக அளக்க விட்டால் பாட ஆரம்பித்துவிடும்.

பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைக் குத்தி இணைக்கும் துளைப் பலகை) ஐ.சி.யைக் குத்துங்கள், தலையிலுள்ள சிறு பள்ளம் மேலே பார்க்கட்டும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8. 9 வோல்ட் பேட்டரியின் மைனஸ் 1-ஆம் காலுக்கு, பிளஸ் 8-ஆம் காலுக்கு. 4-ஐ 8-உடன் இணையுங்கள். 2-ஐயும் 6-ஐயும் ஒரு ஒயரால் சேருங்கள். 7-க்கும் 8-க்கும் நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ். 7-க்கும் 6-க்கும் நடுவில் இன்னொரு 1 கிலோ ஓம், அதோடு வரிசையாக 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் (நடுக்காலும் ஏதாவது ஒரு ஓரக்காலும்). 2-ஆம் காலிலிருந்து மைனஸுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர். 5-ஆம் காலை விட்டுவிடுங்கள். சத்தம் வெளியே வருவது 3-ஆம் காலில்.

வால்யூம் கன்ட்ரோலைத் திருப்பினால் நொடிக்குச் சுமார் 70 அதிர்விலிருந்து 4,800 வரை ஓடும். வண்டு போன்ற உறுமலில் தொடங்கி விசிலில் முடியும். கணக்கு வேண்டுமென்றால்: 1.44-ஐ, முதல் ரெசிஸ்டன்ஸும் இரண்டாவதன் இரு மடங்கும் கூட்டி வரும் தொகையைக் கண்டன்சர் அளவால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். கண்டன்சரைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் சத்தம் பத்து மடங்கு கீழே இறங்கும். இது தெரிந்தால் போதும், மிச்சம் கையே கற்றுக்கொள்ளும்.

வெளியே வரும் சத்தத்தை அப்படியே லேப்டாப்பில் சொருகாதீர்கள், 9 வோல்ட்டை அது தாங்காது. 3-ஆம் காலில் 10 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரின் பிளஸ் முனை, அதன் மறுமுனையில் 100 கிலோ ஓம், அங்கிருந்து ஜாக்கின் நுனிக்கு. நுனிக்கும் மைனஸுக்கும் நடுவில் 1 கிலோ ஓம். ஜாக்கின் அடிப்பகுதி மைனஸுக்கு. இப்போது சத்தம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறையும், மைக் துளைக்கு ஆபத்து இல்லை. டேப் ரிக்கார்டரின் லைன் துளைக்கு என்றால் 100-க்குப் பதில் 10 கிலோ ஓம் போடலாம்.

அடுத்து, வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றி அந்த இடத்தில் எல்.டி.ஆர். என்னும் ஒளி உணரியைப் போடுங்கள். வெளிச்சம் பட்டால் கீச்சிடும், நிழல் விழுந்தால் உறுமும், இருட்டில் 'டக் டக்' என்று தனித்தனியாகத் துடிக்கும். நான் அதை ஜன்னல் ஓரத்தில் வைத்துக் கையை மேலே ஆட்டித்தான் மூன்று பாட்டு வாசித்தேன். மதியம் இரண்டு மணிக்கு ஓர் ஓட்டுச் சந்திலிருந்து விழுந்த வெயில் கோடு நகர நகரச் சத்தமும் ஏறிக்கொண்டே போனது. ஐந்தாவது பாட்டில் கேட்கும் அந்த நீண்ட ஏற்றம் நான் வாசித்ததல்ல, சூரியன் வாசித்தது.

இது பழகிவிட்டால் இரண்டு 555-ஐ ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோர்க்கலாம். அமெரிக்க மின்னணுவியல் எழுத்தாளர் ஃபாரஸ்ட் மிம்ஸ் வரைந்த சுற்று ஒன்று அப்படித்தான் வேலை செய்கிறது. பின்னாளில் அதற்கு அட்டாரி பங்க் கன்சோல் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். இந்தச் சோதனை எல்லாம் பேட்டரியில்தான். சுவர் பிளக்கில் ஓடும் எந்தப் பொருளையும் திறந்து கை வைக்காதீர்கள். பழைய பொம்மை கீபோர்டைத் திறந்து ஒயர் மாற்றிச் சத்தம் கெடுக்க ஆசைப்பட்டால், அடாப்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேட்டரி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஊர் தரும் சத்தம்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் கடைசிப் பருவத்தில் நுழைந்து நின்றிருக்கிறீர்களா? ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் மல்பெரி இலையைத் தின்னும். ஓட்டின் மேல் தூறல் விழுவது போலக் கேட்கும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், உள்ளே மழை.

இதைப் பதியத்தான் முதலில் போனேன். எங்கள் சித்தியின் ஊரில் ஒரு புழு வளர்ப்பு மனை. கை, கால் கழுவி, மருந்துத் தண்ணீரில் மிதித்துத்தான் உள்ளே விடுவார்கள். வாசனை எண்ணெய், சென்ட் எதுவும் கூடாது. அதற்குக் கட்டுப்படுங்கள், ஒரு புழுத் தட்டில் நோய் பிடித்தால் அவர்களுக்கு ஒரு மாத உழைப்பு போச்சு. போனைத் தட்டுக்கு ஒரு சாண் மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இருபது நிமிடம் பதிந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் ஒன்றுமே இல்லை! நடுவில் சித்தி "டீ குடிச்சிட்டுப் போடா" என்றது மட்டும் தெளிவாக இருந்தது. அந்தச் செயலி பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் இரைச்சல் என்று துடைத்திருந்தது.

அதனால் முதல் பாடம்: பதியும் செயலியில் இரைச்சல் நீக்கத்தையும், ஒலியைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாவிட்டால் வேறு செயலி. கோப்பு எம்பி3 அல்ல, வேவ் ஆக இருக்கட்டும். நொடிக்கு 44,100 மாதிரி, 16 பிட் போதும், சிடியின் தரம் அதுதான்.

மறுவாரம் மறுபடி போனேன். இந்த முறை அந்தப் புழு மழை பதிவானது. அதை ஆடாசிட்டியில் கால் வேகத்துக்குக் குறைத்தால் இரண்டு ஸ்தாயி கீழே இறங்கி, பெரிய கூட்டம் ஒன்று கருங்கல் தரையில் காலைத் தேய்த்து நடப்பது போல ஆனது. அதன் மேல் ஒலி அளவை மீறவைத்துக் கிழியவிட்டால் இன்னொரு உயிர். எந்தக் கடைச் சாமானிலும் இந்தச் சத்தம் இல்லை.

இன்னும் என்னென்ன? கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறை, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே கல்லில் இறங்கும் வாளின் ஓலம் (உள்ளே போக அனுமதி கேளுங்கள், காதில் அடைப்பான் போடுங்கள்). மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைகளில் பாட்டில்களும் டப்பாக்களும் இடித்துக்கொள்ளும் ஓசை. தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளின் முக்கல். இதை மட்டும் சாலையோரத்தில் நின்று பதியாதீர்கள், விபத்துக்குப் பேர்போன இறக்கம் அது. பஸ்ஸின் ஜன்னல் சீட்டில் இருந்தே கிடைக்கும். அதைவிட நல்லது அந்த டவுன் பஸ்ஸின் ஷட்டரே: இன்ஜின் நின்ற இடத்தில் உறுமும்போது ஷட்டர் 'கடகடகட' என்று ஒரே சீராக அடிக்கும். இரண்டு நொடியை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் ஆயத்தமான தாளம்.

பம்பை வேண்டும் என்று தோன்றும். காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைத் திருவிழாவில் பம்பைச் சத்தம் கேட்டவனுக்குத் தோன்றாமல் இருக்காது. அங்கே போய்ச் சொல்லாமல் பதிந்து வந்து பாட்டில் ஒட்டாதீர்கள். கலைஞரை அழைத்து, பாட்டைப் போட்டுக் காட்டி, பேசிய கூலியைக் கையில் கொடுத்து, அட்டையில் பெயர் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சாமிக்கு அடிக்கும் அடியை இதற்கு அடிக்க மாட்டேன் என்று அவர் சொன்னால், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாளம்

நிமிடத்துக்கு 160 தட்டு வையுங்கள். ஒரு தட்டு 375 மில்லி நொடி. இரண்டு நிமிடப் பாட்டுக்கு 320 தட்டு, நான்கு தட்டுக் கணக்கில் 80 சுற்று. இதைக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டால் பாட்டின் எலும்பு தெரியும்: 8 சுற்று முகப்பு, 16 சரணம், 8 கத்தல், மறுபடி 16, 8, பிறகு 16 சுற்றுக்குப் பேச்சோ சத்தமோ, கடைசி 8-ல் எல்லாம் சேர்ந்து வெட்டென்று நிறுத்தம்.

ஹைட்ரஜனில் உதை (கிக்), தட்டு (ஸ்நேர்), ஜால்ரா (ஹை-ஹாட்) மூன்று சத்தம் போதும். தட்டின் இடத்தில் சிலிண்டர் மூடியை ஸ்பேனரால் அடித்துப் பதிந்ததைப் போடலாம். இயந்திரத் தாளம் சீராகத்தான் இருக்கும், அதை மனிதன் வாசித்த மாதிரி மாற்ற முயல வேண்டாம். கோபமான குரலுக்குக் கீழே கோபமே இல்லாத தாளம் ஓடுவதுதான் இந்த வகையின் அழகு.

என்ன பாடுவது

லண்டன்காரர் கோபத்தை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. அதிகாலையில் ஓசூர் தொழிற்சாலைகளுக்குத் தூக்கக் கண்ணோடு ஆளை அள்ளிப்போகும் ஷிஃப்ட் பஸ் இருக்கிறது. மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூரு கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. எனக்கு முதலில் வந்தது தண்ணீர்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தாண்டிய தண்ணீரைச் சிறு வயதில் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கோடு விழும், தேய்த்தால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் தண்ணீர் விட்டார்கள். அதற்கு முன்பே பல் முளைத்த எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பழக்கம் உண்டு. அதைப் பாடினேன்:

வாய மூடிச் சிரி
வாய மூடிச் சிரி
பெங்களூரு இன்டர்வியூல கேட்டான்
பல்லு தேய்க்க மாட்டியான்னு
எங்க தண்ணி எழுதுன கோடு சார்
எதப் போட்டும் அழியாது

மெட்டு இரண்டே சுரம். வரிகள் பேசுகிற மாதிரியே இருந்தால் போதும், எதுகை தேடிச் சொல்லைத் திருகாதீர்கள். ஒரு சோதனை சொல்கிறேன்: வரியைத் தாளம் இல்லாமல் உங்கள் அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ சும்மா சொல்லுங்கள். "என்னது?" என்று திருப்பிக் கேட்டால் அந்த வரி இன்னும் ஆகவில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்கள், அப்படியே பாடுங்கள். திருத்திச் சுத்தத் தமிழாக்கினால் கோபம் போய்விடும்.

டேப்பில் ஏற்றுவது

பரணில் இருந்து இறக்கிய டேப் ரிக்கார்டரை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது.

"ஹெட்டெல்லாம் தொடச்சி, புதுசு மாதிரி ஆக்கித் தரேன் தம்பி. சத்தம் பளிச்சுனு வரும்."

"பளிச்சுனு வேணாம்ணா. கரகரன்னு இருந்தாத்தான் எனக்கு ஆவும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பெல்ட்டை ஊசியால் நெம்பி எடுத்துக்கொண்டே சொன்னார்: "கரகரப்பு வேற, கோளாறு வேற. மிஷினு ஒழுங்கா ஓடுனாத்தான் நீ கேக்கற கரகரப்ப நீ நெனச்ச எடத்துல வெக்க முடியும்."

இதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெல்ட்டை மாற்றுங்கள். ஹெட்டையும், டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். ஹெட்டுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சு. வேகம் ஒரே சீராக வருகிறதா பாருங்கள். அழுக்குப் பிடித்த ஹெட் தருவது கரகரப்பு அல்ல, மேல் ஒலிகள் செத்துப்போன சப்பைச் சத்தம்.

உண்மையான கரகரப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண கேசட்டில் காந்தத் துகளுக்கு ஓர் அளவுக்கு மேல் ஏற இடமில்லை. ஒலி அளவு காட்டும் முள் பூஜ்யத்தைத் தாண்டிச் சிவப்புக்குள் போகும்படி பதிந்தால் சத்தம் மேலே போக முடியாமல் அகலமாகும், ஓரங்கள் மழுங்கித் தடிக்கும். கணினியில் அளவை மீறினால் 'பட்' என்று வெட்டும், டேப் நசுக்கும். தாளத்தையும் சத்தப் பெட்டியையும் லேப்டாப்பிலிருந்து டேப்புக்கு இப்படிச் சிவப்பில் ஏற்றி, மறுபடி லேப்டாப்புக்கு இறக்கினேன். குரலுக்கு முள் எப்போதாவது மட்டும் சிவப்பைத் தொடட்டும், சொல் கேட்க வேண்டும்.

டேப் வேகம் லேசாக அலையும் என்பதால் திரும்ப வந்த தடம் மற்றதோடு நகர்ந்துவிடும். ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கைதட்டல் பதிந்துவிடுங்கள். இரண்டு கைதட்டலையும் நேர்ப்படுத்தி, தேவையானால் தடத்தை இழுத்தோ சுருக்கியோ பொருத்தினால் முடிந்தது. இரண்டு நிமிடப் பாட்டில் வரும் சின்ன விலகலை நான் பல இடங்களில் விட்டுவிட்டேன், தாளம் கொஞ்சம் தள்ளாடினால் அழகாகத்தான் இருக்கிறது.

குரல்

பித்தளைக் குடத்துக்குள் மைக்கைத் தொங்கவிட்டு அதன் வாயில் வாயை வைத்துப் பாடிப் பாருங்கள். குடத்துக்கென்று ஒரு சுருதி உண்டு, அது உங்கள் சுருதியோடு ஒட்டும் இடத்தில் குரல் திடீரென்று பருத்து அதிரும். தண்ணீர் ஊற்றினால் அந்த இடம் மேலே போகும், அளந்து ஊற்றிச் சுருதி சேர்க்கலாம். இன்னொரு வழி, குரலில் நொடிக்கு 300 அதிர்வுக்குக் கீழும் 3,400-க்கு மேலும் உள்ளதை வெட்டிவிடுவது. பழைய டெலிபோன் இவ்வளவைத்தான் கடத்தியது, ஆனாலும் யார் பேசுகிறார் என்று தெரிந்தது.

தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தாதீர்கள். வயிற்றிலிருந்து பேசி, மைக்கை நெருங்கினாலே கத்தல் மாதிரி விழும். இரவெல்லாம் பாடும் நம் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களைக் கவனியுங்கள், விடியற்காலையிலும் குரல் நிற்கிறதென்றால் அது வெறும் கத்தல் இல்லை. ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம். ஹெட்ஃபோனில் சத்தத்தையும் குறைத்தே கேளுங்கள். 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் காது தாங்காது என்று தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். போன காது திரும்பாது.

கலப்பது

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள், இடது வலது என்று பிரிக்க வேண்டாம். போன் ஸ்பீக்கரிலும் ஷேர் ஆட்டோவிலும் கேட்கப்போகிற பாட்டு இது. முதலில் குரலும் தாளமும் மட்டும், அது நின்ற பிறகு மற்றவை. உச்ச அளவு பூஜ்யத்துக்கு ஒரு டெசிபல் கீழே நிற்கட்டும். இணையச் சேவைகள் சத்தமான பாட்டைத் தாமே குறைத்துவிடும், அதனால் மிகையாக ஏற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில் டீக்கடையில் நின்று போனில் கேளுங்கள். பாய்லர் சத்தத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் வரி புரிந்தால் கலவை சரி. எட்டுப் பாட்டுக்கும் சேர்த்து இரண்டு ஞாயிறு. அதற்கு மேல் தொடாதீர்கள்.

வெளியிடுவது

சினிமாப் பாட்டிலிருந்து ஒரு நொடிகூட வெட்டி ஒட்ட வேண்டாம், யூடியூபின் தானியங்கிச் சோதனை பிடித்துவிடலாம், உரிமையும் நம்முடையதல்ல. இசைக்குழுக்கள் தாங்களே பாட்டு விற்கும் பாண்ட்கேம்ப் போன்ற இணையதளங்களில் பாட்டின் பெயரையும் வரிகளையும் தமிழிலேயே போடுங்கள், தேடுகிறவருக்குக் கிடைக்கட்டும். அட்டைக்கு ஜெராக்ஸ் கடை போதும். மல்பெரி இலை ஒன்றை நேராகக் கண்ணாடியில் வைத்துப் பிரதி எடுத்தேன், புழு தின்ற ஓட்டைகள் கருப்பில் வெள்ளையாக விழுந்தன. சத்தம் தந்தவர்கள், பெல்ட் மாற்றியவர், டீ கொடுத்தவர் எல்லார் பெயரையும் அவர்களிடம் கேட்டுவிட்டு உள்பக்கம் எழுதினேன்.

முதல் இருபது கேசட்டை டேப்பிலிருந்து டேப்பாக, ஒவ்வொன்றாகப் பதியுங்கள். ஒன்றுக்கு இருபது நிமிடம். ஓடும்போது கூடவே உட்கார்ந்து கேளுங்கள், எந்தப் பாட்டில் உங்கள் மனம் அலைகிறது என்று மூன்றாவது கேசட்டிலேயே தெரிந்துவிடும், அடுத்த ஆல்பத்துக்குக் குறித்துக்கொள்ளலாம். கேசட் பிளேயர் இல்லாதவர்களுக்கு அதே பதிவைப் பென் டிரைவில் கொடுங்கள்.

மூல கேசட்டை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். பாட்டுள்ள பக்கம் உங்களைப் பார்க்க, டேப் தெரியும் ஓரம் கீழே இருக்கும்படி பிடித்தால் மேல் ஓரத்தில் இடது மூலையில் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு தெரியும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அதை உடைத்துவிடுங்கள். இனி அந்தப் பக்கத்தில் யாரும் எதையும் மேலே பதிய முடியாது.